மண்டையோட்டைக் கீழே வையுங்கள், ஹாம்லெட்!

கேள்வி: கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஷேக்ஸ்பியர் நாடகத்து இளவரசன் ஹாம்லெட்டின் ‘இருப்பதா, இல்லாமல் போவதா’ தனிமொழியை நடிக்கப்போகிறேன். மேடையில் நான் ஒருத்திதான். கையில் மண்டையோடு இருந்தால்தான் எடுபடும் என்று தோழிகள் தெர்மாகோலில் ஒன்று செய்துவிட்டார்கள். பெண் ஹாம்லெட்டாக வந்தால் நடுவர்கள் ஏற்பார்களா என்றும் பயம். – மாணவி, திருச்சி

பதில்: செய்த தோழிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தனிமொழியில் மண்டையோடே கிடையாது.

தனிமொழி வருவது மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியில், அரண்மனைக்குள். மண்டையோடு வருவது ஐந்தாம் அங்கத்தில், இடுகாட்டில். குழி வெட்டுபவர் தோண்டி எடுத்துப் போடுவது அரசவைக் கோமாளி யோரிக்கின் தலை. சின்ன வயதில் ஹாம்லெட்டை ஆயிரம் முறை முதுகில் சுமந்தவன். புதைத்து 23 வருஷம் ஆகிவிட்டது. அங்கே ஹாம்லெட் தத்துவம் பேசவில்லை, தூக்கி வளர்த்தவனைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறான். இரண்டு காட்சிகளும் சுவரொட்டிகளிலும் கேலிச்சித்திரங்களிலும் ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன, அவ்வளவுதான். இடுகாட்டு வசனத்தையும் ‘இவனை எனக்கு நன்றாகத் தெரியும்’ என்றே பலர் சொல்கிறார்கள். மூலத்தில் ‘நன்றாக’ இல்லை. ‘எனக்கு இவனைத் தெரியும், ஹொரேஷியோ’ என்று நண்பனிடம் சொல்வதுதான்.

(மண்டையோட்டு மோகம் உங்கள் தோழிகளுக்கு மட்டும் உரியதல்ல. 1982இல் இறந்த பியானோ கலைஞர் ஆந்த்ரே சைக்கோவ்ஸ்கி தன் மண்டையோட்டையே ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற இங்கிலாந்து நாடகக் குழுவுக்கு எழுதிவைத்தார். 2008இல் ஹாம்லெட்டாக வந்த நடிகர் டேவிட் டெனன்ட் அதை ஏந்தி நடித்தார்.)

சரி, கை காலியாகிவிட்டதே, என்ன செய்வது? உங்களுக்குக் கைகொடுப்பது இன்னொரு தவறான எண்ணம்: ஹாம்லெட் அப்போது தனியாக இருக்கிறான் என்பது. இல்லை. அவனை அங்கே வரவழைத்ததே அரசன் கிளாடியஸ். அரசனும் அவனுடைய அமைச்சர் பொலோனியஸும் ஒளிந்து நின்று கவனிக்கிறார்கள். ஹாம்லெட்டின் காதலி ஒஃபீலியாவின் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து அங்கேயே உலாவ விட்டிருக்கிறார்கள். ஆக, யாரோ கேட்கிறார்கள் என்பது ஹாம்லெட்டுக்குத் தெரியுமா, தெரியாதா? நாடகம் சொல்லவில்லை. நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்த பிறகு ஒத்திகைக்குப் போங்கள். நானாக இருந்தால் மேடை ஓரத்தில் ஒரு நாற்காலி, அதன்மேல் ஒரு புத்தகம், அவ்வளவு வைத்துவிட்டு, கடைசி வரியில் மட்டும் அந்தப் பக்கம் திரும்புவேன்.

அப்புறம், அழுது புலம்ப வேண்டாம். ஒஃபீலியாவைப் பார்க்கும்வரை அந்த முப்பத்துச் சொச்சம் வரிகளில் ‘நான்’ என்ற சொல்லே இல்லை, எல்லாம் ‘நாம்’. சொந்தத் துக்கத்தைக் கொட்டுவதல்ல அது, ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது. மொழிபெயர்ப்பில் ‘நான்’ புகுந்திருந்தால் திருத்திவிடுங்கள். பம்மல் சம்பந்த முதலியார் இந்த நாடகத்தை ‘அமலாதித்யன்’ என்று தமிழாக்கியிருக்கிறார். கிடைத்தால் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெண் ஹாம்லெட்டா? பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார்ட் 1899இலேயே பாரிஸில் நடித்துவிட்டார். ஷேக்ஸ்பியர் காலத்து மேடையில் ஒஃபீலியாவாக வந்ததே ஒரு பையன்தான். நடுவர் யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்.

தெர்மாகோல் தலையைத் தூக்கி எறிய வேண்டாம். ஹொரேஷியோவாக நிற்க ஒரு தோழி சம்மதித்தால் அடுத்த போட்டிக்கு இடுகாட்டுக் காட்சி தயார்.