வாசகர் கேள்வி – பதில்: வயலை விற்பதற்கு முன்னர் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: நான் களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்தவள். அரசாங்கப் பாடசாலையொன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற வருடம் திருமணமானது. பிரித்தானியக் குடியுரிமை பெற்ற எனது கணவர் லண்டனில் ஒரு களஞ்சியசாலையில் இரண்டு வருடங்களாக வேலை செய்கிறார். வருடச் சம்பளம் 25,000 பவுண். கடந்த இரண்டு மாதங்களாகச் சனி, ஞாயிறுகளில் ஒரு பெற்றோல் நிலையத்தில் மணித்தியாலக் கணக்கில் வேலை செய்து, மாதம் 400 பவுண் அளவில் மேலதிகமாக உழைக்கிறார். 29,000 பவுண் காட்டாவிட்டால் விசா கிடைக்காது என்பதால், படுவான்கரையிலுள்ள மூன்று ஏக்கர் வயலை விற்று அந்தக் காசை அவருடைய வங்கிக் கணக்கில் போட்டுக் காட்டலாம் என்று அப்பா சொல்கிறார். எனது சம்பளத்தையும் இதில் சேர்க்க முடியாதா?

பதில்: சகோதரி, அப்பாவிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: வயலுக்கு இப்போது ஆள் பார்க்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் விபரங்களின்படி உங்களுக்குக் காசு குறையவில்லை, காலம்தான் நான்கு மாதம் குறைகிறது.

பிரித்தானியாவில் வாழ்க்கைத் துணையை அழைப்பவர் காட்ட வேண்டிய குறைந்தபட்ச வருட வருமானம் 2012 யூலை முதல் 18,600 பவுணாக இருந்து, 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுணாக உயர்த்தப்பட்டது. இது வரியும் பிற கழிவுகளும் கழிக்கப்படுவதற்கு முந்திய தொகையாகும். ஒரே வேலையில் இந்தத் தொகை வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இரண்டு வேலைகளின் சம்பளத்தைச் சேர்த்துக் காட்டலாம். ஆனால் இலகுவான வழியாகிய ஆறு மாதக் கணக்கில் காட்டுவதானால், இரண்டு வேலைகளிலும் அந்தந்த முதலாளியிடம் அவர் ஆறு மாதமாவது தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். பெற்றோல் நிலைய வேலைக்கு இரண்டு மாதமே ஆகியிருக்கிறது என்பதுதான் உங்களுடைய உண்மையான தடை. ஆறு மாதம் நிறையாத வேலையைச் சேர்க்க முற்பட்டால், கடந்த பன்னிரண்டு மாதங்களிலும் உண்மையில் உழைத்த, கழிவுகளுக்கு முந்திய மொத்தச் சம்பளமே 29,000 பவுணைத் தொட்டிருக்க வேண்டும் என்ற கடினமான கணக்குக்குள் விழுந்துவிடுவீர்கள்; அதில் உங்கள் கணவர் தேற மாட்டார்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். களஞ்சியசாலைச் சம்பளம் 25,000; குறைவது 4,000. மணித்தியாலக் கணக்கில் உழைப்பதை ஆறு மாதத்துக்குக் கூட்டி, அதை இரட்டித்து வருட வருமானமாக எடுப்பார்கள். அப்படியானால் ஆறு மாதத்தில் 2,000 பவுண் வந்திருந்தால் போதும். அவர் மாதம் 400 உழைத்தால் 2,400 வரும். கைக்காவலாக இருப்பது 400 பவுண், அதாவது ஒரு மாத வார இறுதிகள். காய்ச்சலிலோ, ஊருக்கு வந்து போவதிலோ அதற்கு மேல் தவறவிட்டால் கணக்கு உடைந்துவிடும். ஆகவே அந்த ஆறு மாதம் முடியும்வரை, எவ்வளவு ஆசையிருந்தாலும், நீண்ட விடுமுறையில் அவர் இங்கே வராமல் இருப்பதே நல்லது. இதை எழுதும்போது எனக்கு மனம் பாரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. களஞ்சியசாலைச் சம்பளத்தில் கவனிக்க வேண்டியது வேறொன்று. நிலையான வருடச் சம்பளம் பெறுபவருக்கு, அந்த ஆறு மாதத்துக்குள் இருந்த மிகக் குறைந்த சம்பள மட்டத்தையே எடுப்பார்கள். கடைசி மாதத்தில் சம்பளம் கூடியிருந்தாலும் அந்தக் கூடுதல் கணக்கில் வராது.

ஆறு மாதப் பேஸ்லிப்புகளும் அதே ஆறு மாதத்துக்கான வங்கிக் கூற்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பேஸ்லிப்பின் அடியில் கைக்கு வரும் தொகை 371.40 என்று இருந்தால், வங்கிக் கூற்றிலும் அந்த 371.40 அதே திகதியையொட்டி வரவாகியிருக்க வேண்டும். பெற்றோல் நிலையத்தார் சம்பளத்தைக் கையில் காசாகக் கொடுப்பவர்களாக இருந்தால், வங்கிக்கு நேரடியாகப் போடும்படி இன்றே கேட்கச் சொல்லுங்கள். காசாக வாங்கி அதில் பாதியைச் செலவழித்துவிட்டு மீதியை வைப்பிலிட்டால், பேஸ்லிப்பிலுள்ள முழுத் தொகையையும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். இரண்டு முதலாளிகளும் தனித்தனியே கடிதம் தர வேண்டும். வேலை எது, நிரந்தரமா தற்காலிகமா, எவ்வளவு காலமாகச் செய்கிறார், மொத்தச் சம்பளம் எவ்வளவு, அந்தச் சம்பள மட்டம் எப்போதிருந்து என்பவை அதில் இருக்க வேண்டும். விண்ணப்பத் திகதியன்று கடைசிப் பேஸ்லிப்பும் வங்கிக் கூற்றும் 28 நாட்களுக்கு மேல் பழையனவாக இருக்கக் கூடாது. விண்ணப்பத் திகதி என்பது இணையத்தில் கட்டணம் செலுத்தும் நாளேயன்றி, கொழும்புக்குப் போய்க் கைரேகை கொடுக்கும் நாளல்ல.

உங்கள் ஆசிரியச் சம்பளத்தைச் சேர்க்க முடியாது. இங்கிருந்து விண்ணப்பிக்கும் துணையின் வேலைச் சம்பளம் எவ்வளவானாலும் கணக்கில் வராது. ஆனால் உங்கள் பெயரிலுள்ள சேமிப்பு வரும். வாடகை வருமானமும் வரும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுப்பது வழமை என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். நீங்கள் குடியிருக்காத வீடொன்று உங்கள் பெயரில் உறுதியுடன் இருந்து, அதற்கு எழுத்திலான வாடகை உடன்படிக்கையும், கடந்த பன்னிரண்டு மாத வாடகை வங்கியில் விழுந்ததற்கான கூற்றும் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். வாடகையைக் கையில் வாங்கிக் கொப்பியில் எழுதி வைத்திருப்பது போதாது.

வயலைப் பற்றி அப்பா கேட்பதற்கும் முழுமையாகப் பதில் சொல்ல வேண்டும். சேமிப்பைக் கொண்டு குறையை நிரப்பும் வழி இருக்கிறது. ஆனால் அது மலிவான வழியல்ல. முதல் 16,000 பவுண் கணக்கிலேயே சேராது. அதற்கு மேலுள்ள தொகையை, விசாக் காலமாகக் கொள்ளப்படும் இரண்டரை வருடத்தால் பிரித்துத்தான் வருமானத்தோடு கூட்டுவார்கள். ஆகவே 4,000 பவுண் குறைக்கு 10,000 பவுணும் அந்த 16,000 பவுணுமாக 26,000 பவுண் தேவை. ஒரு பவுண் 400 ரூபா என்று ஒரு கணக்குக்கு வைத்தால் அது 1 கோடியே 4 இலட்சம் ரூபா. மூன்று ஏக்கர் வயல் அந்த விலைக்குப் போகுமா என்பதை அப்பாவே அறிவார்.

போனாலும் அந்தக் காசு உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ இருவர் பெயரிலுமோ ஆறு மாதம் முழுவதும் இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு நாளாவது இருப்புக் குறைந்தால் குறைந்த தொகையே கணக்கு. வயல் உங்கள் பெயரில் முன்பிருந்தே இருந்து நீங்கள் விற்றிருந்தால், அதை வைத்திருந்த காலத்தையும் ஆறு மாதத்துக்குள் சேர்க்க விதியில் இடமுண்டு. அப்பா பெயரிலுள்ள வயலுக்கு அது பொருந்தாது. அவர் விற்றுத் தருவதைத் திருப்பிக் கேட்காத அன்பளிப்பாகத் தந்து, அதற்குக் கடிதமும் எழுதி, ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். வயலை விற்காமல் நான்கு மாதம் காத்திருப்பதா, விற்றுவிட்டு ஆறு மாதம் காத்திருப்பதா என்று அப்பாவைக் கேட்டுப் பாருங்கள்.

யாரும் இந்த வழியில்தான் போக வேண்டியிருந்தால், காசை லண்டனுக்கு அனுப்பத் தேவையில்லை என்பதையும் அறிந்துகொள்ளட்டும். இங்குள்ள ஒழுங்குபடுத்தப்பட்ட வங்கியில் ரூபாவாகவே இருக்கலாம். உடனே எடுக்கக் கூடியதாக இருந்தால், வட்டி வெட்டுப்பட்டாலும், நிலையான வைப்பும் ஏற்கப்படும். விண்ணப்ப நாளின் நாணய மாற்று விகிதத்தில் பவுணாக மாற்றிப் பார்ப்பார்கள். 2022 இல் சில வாரங்களுக்குள் ரூபா எப்படி விழுந்தது என்பதைக் கண்டவர்கள் நாங்கள். மட்டுமட்டாக வைத்திருப்பது ஆபத்து.

நான் மட்டக்களப்பு நகரில் பல வருடங்களாகச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். ஒரு நாள் ஆரையம்பதியிலிருந்து வந்த தாயும் மகளும் எனது மேசையில் ஒரு வங்கிக் கூற்றை விரித்தார்கள். ஐந்து மாதமாக எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் என்று நகர்ந்த இருப்பு, ஆறாம் மாதம் ஒரே வரியில் பெருந்தொகையாகப் பாய்ந்திருந்தது. யாரோ சொல்லி உறவினரிடம் மாறி வாங்கிப் போட்ட காசு. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதத்தை மொழிபெயர்க்கத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மாறிய காசு சேமிப்பாகாது. கட்டிய விண்ணப்பக் கட்டணமும் திரும்பி வராது. கட்டணத்தோடு சுகாதாரக் கட்டணமாக வருடத்துக்கு 1,035 பவுண் வீதம் 3,105 பவுண் முன்கூட்டியே கேட்கப்படுகிறது. நிராகரித்தால் இதை மட்டும் திருப்புவார்கள். காட்டும் சேமிப்புக்குள்ளிருந்து எடுக்காமல், இந்தச் செலவுகளுக்கான காசை வேறாக வைத்திருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: நான் திருக்கோவிலில் இருக்கும் ஒரு தகப்பன். மகளின் கணவர் ரொறன்ரோவில் நிரந்தர வதிவுரிமையுடன் இருக்கிறார். வேலை நின்றுபோய் இப்போது வேலையிழப்புக் காப்புறுதிப் பணம் பெறுகிறார். வருடம் 60,000 டொலர் வருமானம் காட்டினால்தான் மகளை ஸ்பொன்சர் செய்யலாம் என்றும், அதற்கான கடிதங்களைத் தான் செய்து தருவதாகவும் சொல்லி ஒருவர் 15 இலட்சம் ரூபா கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஐயா, ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். கனடாவில் கணவனோ மனைவியோ தன் துணையை ஸ்பொன்சர் செய்வதற்குக் குறைந்தபட்ச வருமான எல்லை பொதுவாக இல்லை. அழைக்கப்படுபவரின் பிள்ளைக்கும் ஒரு பிள்ளை இருக்கும் அரிதான நிலையில் மட்டுமே அது கேட்கப்படும். பெற்றோரை அழைப்பதற்கு மூன்று வருட வருமானத்தைக் காட்ட வேண்டியிருப்பதால், அந்தக் கணக்கை இதனோடு குழப்பி மக்களைப் பயமுறுத்துகிறார்கள்.

மருமகன் பெறும் வேலையிழப்புக் காப்புறுதி தடையல்ல. அது அவர் வேலை செய்த காலத்தில் கட்டிய காப்புறுதி. வெல்பெயர் என்று அங்குள்ளவர்கள் சொல்லும் சமூக உதவிப் பணம் பெற்றால்தான் ஸ்பொன்சர் செய்ய முடியாது. அங்கவீனம் காரணமாகப் பெறுவது அதற்கு விதிவிலக்கு. வங்குரோத்தாகி அதிலிருந்து இன்னும் விடுவிக்கப்படாதவரும், முன்பு ஒருவரை அழைத்து அந்தப் பொறுப்பை மீறியவரும் ஸ்பொன்சர் செய்ய முடியாது. மருமகனே ஒரு மனைவியின் ஸ்பொன்சரில் கனடா போனவரானால், நிரந்தர வதிவுரிமை பெற்று ஐந்து வருடம் கழியும்வரை அவர் வேறொரு துணையை அழைக்க முடியாது. இதை மனம் நோகாதபடி ஆனால் தெளிவாகக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

அவர் கையெழுத்திடும் பொறுப்பேற்பு, மகள் நிரந்தர வதிவுரிமை பெறும் நாளிலிருந்து மூன்று வருடம் நிற்கும். வேலை போனாலும், இருவரும் பிரிந்தாலும் அது முறியாது. அந்தக் காலத்தில் மகள் சமூக உதவி பெற்றால் அரசாங்கம் அந்தப் பணத்தை அவரிடமே அறவிடும். வருமான எல்லை இல்லை என்பதால் இதை ஒரு சாதாரணக் கையெழுத்தாக அவர் நினைத்துவிடக் கூடாது.

உங்கள் மகளின் கோவையில் கனம் வைக்க வேண்டிய இடம் வருமானமல்ல, உறவு உண்மையானது என்பதற்கான சான்றுகளே. மருமகன் மகளுக்கு மாதாமாதம் வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் கைமாறும் உண்டியலில் காசு அனுப்புகிறாரா? எங்கள் ஊர்களில் அதுதான் பழக்கம், எனக்குத் தெரியும். ஆனால் உண்டியல் எந்தத் தடயத்தையும் விட்டுவைப்பதில்லை; சிறு தொகையாயினும் வங்கி வழியாக வரட்டும். பொய்க் கடிதம் வைத்தது தெரிய வந்தால் மகள் ஐந்து வருடத்துக்குக் கனடாவுக்குள் நுழைய முடியாத நிலை வரும். 15 இலட்சத்தைக் கொடுத்து வாங்கப் போவது அதைத்தான்.

கேள்வி: கல்முனையிலிருந்து எழுதுகிறேன். பிரித்தானியாவிலுள்ள எனது கணவர் விபத்தொன்றின் பின் முழுநேர வேலை செய்ய முடியாமல், பிஐபி எனப்படும் அங்கவீன உதவிப் பணம் பெறுகிறார். 29,000 பவுணுக்கு வழியே இல்லை. நான் அவரிடம் போய்ச் சேர முடியாதா?

பதில்: முடியும் சகோதரி. அந்த உதவிப் பணத்தைப் பெறுபவருக்கும், நோயாளியொருவரைப் பராமரிப்பதற்கான உதவிப் பணத்தைப் பெறுபவருக்கும் 29,000 பவுண் எல்லை பொருந்தாது. வீட்டு வாடகையும் உள்ளூர் வரியும் போக, கையில் மிஞ்சும் தொகை, உங்களைப் போன்ற ஒரு குடும்பத்துக்கு அந்நாட்டு அரசாங்கம் கொடுக்கும் வருமான உதவித் தொகைக்குக் குறையாமல் இருந்தால் போதும். அவர் பெறும் உதவிப் பணமும் இந்தக் கணக்கில் சேரும். உதவிப் பணம் வழங்கப்பட்டதை அறிவித்த கடிதத்தையும், அது வரவாகும் வங்கிக் கூற்றையும், வாடகை உடன்படிக்கையையும் கணவர் எடுத்து அனுப்பட்டும். அந்த உதவி எந்தத் திகதிவரை வழங்கப்பட்டிருக்கிறது என்று கடிதத்தில் பாருங்கள். திகதி நெருங்கியிருந்தால் அது புதுப்பிக்கப்பட்ட பின்னர் விண்ணப்பியுங்கள்.