எதிரணியில் இல்லை, ஒரே அணியில்: ஊர் ஒற்றுமை பற்றிச் சில கேள்விகள்

நெல்லைச் சீமைப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்து, இப்போது ஊர்களில் சாதிப் பிளவைக் குறைக்கும் வேலையில் நிற்கும் அண்ணாச்சி ஒருவரிடம் வாசகர்கள் கேட்டவை.

கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை: 'சமூகப் புத்தாக்கம்' என்கிறார்களே, சமபந்தி விருந்து மாதிரியா அண்ணாச்சி?

சமபந்தியில் ஒருநாள் சேர்ந்து சாப்பிடுவோம் தாயி. இலையை எடுத்ததும் அவரவர் தெருவுக்குப் போய்விடுவோம். மறுநாளும் ஒருவருக்கு ஒருவர் தேவைப்படுகிற மாதிரி ஊர்க்காரர்களே ஓர் ஏற்பாட்டைக் கண்டுபிடித்துப் பழக்கமாக்கினால், அதைத்தான் அந்தப் பெயரில் சொல்லலாம்.

இளைஞர், வள்ளியூர்ப் பக்கம்: பொங்கலுக்கு மேலத்தெரு அணி, கீழத்தெரு அணி என்று கபடி வைக்கிறோம். ஒற்றுமை வளரும் என்றார்கள். வருஷா வருஷம் சண்டைதான் மிச்சம்.

அணி பிரிக்கிற விதத்தில்தான் கோளாறு தம்பி. மேட் லோவ் என்ற ஆய்வாளர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கிரிக்கெட் தொடர் நடத்திப் பார்த்தார். சில அணிகளில் ஒரே சாதிப் பையன்கள், சில அணிகளில் கலந்து. 2021-ல் வெளியான முடிவு என்ன தெரியுமா? ஒரே அணியில் ஆடியவர்களுக்கு வேற்றுச் சாதி நண்பர்கள் கூடினார்கள். எதிரணியாக மோதியவர்களுக்குக் குறைந்தார்கள். நீங்கள் வருஷா வருஷம் செய்வது இரண்டாவது வகை.

எல்லார் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுங்கள். தெருப் பெயர் வேண்டாம்; தாமிரபரணி, நம்பியாறு, சிற்றாறு, பச்சையாறு என்று ஆற்றுப் பெயர் வையுங்கள். பனியன் நிறம் எந்தச் சாதிக் கொடியையும் நினைவுபடுத்தக் கூடாது. கேப்டன் முறைவைத்து மாறட்டும். போட்டிக்கு முன்னால் மூன்று வாரமாவது சேர்ந்து பயிற்சி எடுங்கள். கபடி இதற்கென்றே அமைந்த ஆட்டம்: பாடி வருகிறவனை மடக்கக் கை கோத்து நிற்க வேண்டும். தொடாதே என்று சொல்லி வளர்த்த வீட்டுப் பிள்ளையும் கோத்துத்தான் ஆக வேண்டும். அந்தக் கையை நான் பெரிதாக நம்புகிறேன்.

ஆனால் ஆட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இராக்கில் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் கலந்த கால்பந்து அணிகளை ஆராய்ந்த சல்மா மூசா 2020-ல் எழுதியிருக்கிறார்: அணித்தோழர்களோடு உறவு நன்றாகிறது, மைதானத்துக்கு வெளியே முகம் தெரியாதவர்களிடம் அது அவ்வளவாகப் போய்ச் சேருவதில்லை. அதே பையன்களை அடுத்து வேறு வேலைக்கு இழுக்க வேண்டும்.

விவசாயி, அம்பாசமுத்திரம்: பெரியவர்களுக்கு என்ன வழி?

குளம். குளத்துத் தண்ணீர் முதலில் பாயும் தலைமடை வயல் ஒரு தெருவிடமும், கடைசியில் பாயும் கடைமடை இன்னொரு தெருவிடமும் இருக்கிற ஊர்கள் நமக்குப் புதிதில்லை. பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் முன்பே இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் உட்கார்ந்து முறை வகுத்து, அதைச் சுவரில் எழுதிவிடுங்கள். ஒரு தெரு மண்வெட்டி பிடிக்க, இன்னொரு தெரு முடிவெடுக்க என்று ஆனால் பழைய கதைதான்.

இல்லத்தரசி, ஸ்ரீவைகுண்டம்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் இங்கே ரயிலில் சிக்கிய சுமார் 800 பேருக்குப் பக்கத்துப் புதுக்குடி மக்கள் சமைத்துப் போட்டார்கள். அந்த மனசு எல்லா ஊரிலும் நிலைக்காதா?

தண்ணீர் வடிந்ததும் கூட்டமும் கலைந்துவிடுகிறதே அம்மா. அப்படிச் சேர்ந்தவர்களையே நிரந்தரக் குழுவாக வைத்துக்கொள்ளலாம். யார் வீட்டில் அண்டா, யாரிடம் டிராக்டர் என்று ஒரு பட்டியல் போட்டு, ஐப்பசி பிறக்கும் முன் ஒருமுறை கூடினால் போதும்.

ஆசிரியர், களக்காடு: சாதியைக் காட்டக் கையில் கலர் கயிறு கட்டி வரும் மாணவர்களை என்ன செய்வது?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு எல்லாவற்றையும் தடை செய்யப் பரிந்துரைத்தது. சரி, கழற்றச் சொல்லுங்கள். அப்புறம் அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, யார் கட்டிவிட்டது என்று கேளுங்கள். பெரும்பாலும் பள்ளிக்கு வெளியே ஓர் அண்ணன் இருப்பான். பேச்சு அங்கேயும் போக வேண்டும்.

பெயர் வேண்டாம் என்றவர்: எங்கள் தெருவை அடித்தார்கள். வழக்கு நடக்கிறது. மறந்துவிட்டுச் சேர்ந்து விளையாடச் சொல்கிறீர்களா?

சொல்ல மாட்டேன் அய்யா. வழக்கு அதன் போக்கில் நடக்கட்டும். சமாதானக் கூட்டம் என்று கூப்பிட்டு வழக்கை வாபஸ் வாங்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். என்னைக் கூப்பிட்டால் நானும் உங்களோடு எழுந்து வருவேன்.