கேள்வி – பதில்: வாழ்த்து அட்டையில் வண்ணக் கண்ணாடி

கேள்வி: கிறிஸ்துமஸுக்காகத் தேவாலயச் சன்னல் போன்ற வாழ்த்து அட்டைகளை ஓ.எச்.பி. ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில்) கிளாஸ் பெயிண்ட் கொண்டு செய்தேன். நிறங்கள் கோட்டைத் தாண்டிக் கலந்துவிடுகின்றன. அட்டையை மூடினால் ஒளிர்வும் மங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தேவாலயச் சன்னல்களில் கண்ணாடித் துண்டுகளைப் பிணைத்து நிற்பவை ஈயப் பட்டைகள், அட்டையில் அந்த வேலையைக் கறுப்பு அவுட்லைனர் (புடைத்த கோடு போட உதவும் கெட்டியான வண்ணம்) செய்கிறது. ஆகவே கோடு எங்கும் விட்டுப்போகாத மூடிய கட்டமாக இருப்பதோடு, வண்ணம் இடுமுன் நன்றாகக் காய்ந்தும் இருக்க வேண்டும். விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடத்தில் கோடு சரியாக ஒட்டாது என்பதால், ஷீட்டை முதலில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள். பெயிண்டைக் கட்டத்தின் நடுவே ஒரு சொட்டாக விட்டு, தூரிகை நுனியால் ஓரத்தை நோக்கி மெல்லத் தள்ளுங்கள்.

இருப்பினும், அஞ்சலில் போகும் அட்டைக்கு நான் பெயிண்டைப் பரிந்துரைக்க மாட்டேன். புடைத்த கோடு உறைக்குள் நசுங்கிப் பெயர்ந்துவிடக்கூடும். அதைவிடக் கறுப்பு அட்டையில், கட்டங்களுக்கு இடையே குறைந்தது 3 மி.மீ. பட்டை விட்டு, கட்டரால் சன்னல்களை வெட்டியெடுத்துப் பின்புறம் வண்ண டிஷ்யூ தாளை ஒட்டுவது நல்லது. மஞ்சள் மீது நீலத்தின் ஓரம் சற்றே படியும்படி ஒட்டினால், அங்கே தனியாகப் பச்சை பிறக்கும் (எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்). நீர்ப்பசை டிஷ்யூவைச் சுருக்கிவிடும். பசைக் குச்சியே போதும்.

ஒளிர்வு மங்குவதற்குக் காரணம், மூடிய அட்டையில் பின்னாலிருந்து வெளிச்சம் வராததே. உட்பக்கத்தை வெள்ளையாக விட்டால் ஓரளவு ஒளி திரும்பி வரும். வாழ்த்து வரிகளைச் சன்னலுக்கு நேர் பின்னே எழுதாமல் கீழே எழுதுங்கள்.