கேள்வி–பதில்: கணினியைத் தூக்கிப் போடும் முன்

கேள்வி: என் மேசைக் கணினி 2014-ல் வாங்கியது. ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் பொத்தானை அமுக்கிவிட்டுப் போய், வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சென்னையில் இருக்கும் மகன், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறான். அம்பாசமுத்திரத்துக் கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட்டால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? என் கணவர் காலமாவதற்கு முன் எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கல்லிடைக்குறிச்சி

பதில்: டீச்சர், எஸ்.எஸ்.டி. பற்றிப் பிறகு பேசலாம். இதைப் படித்ததும் முதல் வேலையாக அந்தப் படங்களை ஒரு பென் டிரைவிலும், வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் நகல் எடுத்துவிடுங்கள். இரண்டு நகல் வேண்டும். இரண்டையும் ஒரே பீரோவில் வைக்க வேண்டாம். ஒன்றை மகனிடம் கொடுத்துவிடுங்கள். பத்து வருடத்துக்கு மேல் ஓடிய தட்டை நம்பி ஓர் இரவு கூட அந்தப் படங்களை விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி உங்கள் கேள்வி. கடைக்காரர் சொல்வதுதான் சரி. கடிதம் தட்டுவதற்கும், வங்கிக் கணக்குப் பார்ப்பதற்கும், பேரனோடு முகம் பார்த்துப் பேசுவதற்கும் ஐ3 செயலி இன்றைக்கும் தாராளம். தாமதம் முழுவதும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு வட்டத் தட்டும், அதன் மேல் நீண்டிருக்கும் மெல்லிய கை ஒன்றும் தெரியும். மேசைக் கணினியில் உள்ள தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது நொடிக்கு 120 சுற்று சுற்றும். ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் அந்தக் கை உரிய இடத்துக்கு நகர வேண்டும். நகர்ந்த பிறகு, வேண்டிய பகுதி சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்படி நொடிக்கு நூறு துண்டு எடுத்தாலே பெரிது. விண்டோஸ் கண் விழிக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைக் கேட்கிறது. கல்யாண வீட்டுச் சாமான் பட்டியலை ஒரே ஒரு பையன் இருக்கும் பலசரக்குக் கடையில் கொடுத்தது போலத்தான். சீரகத்துக்குப் பரண், மிளகுக்குப் பின்கட்டு, கடுகுக்கு மறுபடியும் பரண்.

எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. முழுக்க முழுக்கச் சில்லுகள். தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1987-ல் உலகுக்குக் காட்டிய நாண்ட் ஃபிளாஷ் நினைவகம்தான் அதன் அடிப்படை. அதே சிறு துண்டுகளை நொடிக்குப் பல்லாயிரம் எடுத்துக் கொடுக்கும். பெட்டியில் நொடிக்கு 550 எம்பி என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம். நீங்கள் கோலம் போட்டு முடிக்கும்வரை காத்திருந்த நேரம் குறைவது இந்தச் சிறு துண்டு வேகத்தால்தான்.

கடையில், 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி., 500 ஜிபி வேண்டும் என்று கேளுங்கள். திரையில் 465 என்று காட்டும். கணக்கிடும் முறை வேறு, ஏமாற்று இல்லை. மூன்று வருடமாவது உத்தரவாதம் உள்ள, பெயர் தெரிந்த நிறுவனத்தின் பொருளாக, பில்லோடு வாங்குங்கள். பெயரே கேள்விப்படாததை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க வேண்டாம். சொன்ன கொள்ளளவே உள்ளே இல்லாதவை என் மேசைக்கு வந்திருக்கின்றன. உங்கள் கணினிக்குப் பொருந்தும் டிடிஆர்3 வகையில் இன்னொரு 4 ஜிபி ரேமும் அதே கையோடு போட்டுவிடச் சொல்லுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீச வேண்டாம். அது நல்ல நிலையில் இருந்தால் இரண்டாவது தட்டாக உள்ளேயே இருக்கட்டும்.

மகன் சொன்னதிலும் ஓர் உண்மை உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொள்ளும் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. விண்டோஸ் 11 உங்கள் செயலியை முறைப்படி ஏற்றுக்கொள்ளாது. 2026 அக்டோபருக்குப் பிறகு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம். விலை கிடையாது, தமிழிலும் தட்டச்சு செய்யலாம், எஸ்.எஸ்.டி.யில் அருமையாக ஓடும். வாழ்நாள் முழுவதும் கரும்பலகையில் எழுதியவருக்கு அதைப் பழக ஒரு வாரம் போதும்.

கேள்வி: டவுனில் கல்யாணப் பத்திரிகை அச்சிடும் சிறிய அச்சகம் நடத்துகிறேன். பேஜ்மேக்கர், பழைய தமிழ் எழுத்துருக்கள், 2006 முதல் செய்த வேலைகள் எல்லாம் ஒரே 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில். எஸ்.எஸ்.டி. போட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டுமா? ஆவணியில் முகூர்த்தங்கள் வந்துவிடும்.
— அச்சக உரிமையாளர், திருநெல்வேலி டவுன்

பதில்: அண்ணாச்சி, ஆடியிலேயே முடித்துவிடுங்கள். முகூர்த்த மாதத்தில் அச்சகக் கணினியைத் திறக்கவே கூடாது என்பது என் பிடிவாதம்.

புதிதாக ஏற்றுவது மற்றவர்களுக்குச் சரி, உங்களுக்கு வேண்டாம். உங்கள் பழைய கோப்புகள், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறையில் இல்லை. அந்தந்த எழுத்துரு இருந்தால்தான் 'திருவளர்ச்செல்வி' திருவளர்ச்செல்வியாகத் தெரியும்; இல்லையென்றால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கலந்த குப்பைதான். எந்த வருடம் எந்த எழுத்துருவைப் பயன்படுத்தினோம் என்று உங்களுக்கே நினைவிருக்காது. ஆகவே தட்டைக் குளோன் எடுப்பதுதான், அதாவது விண்டோஸ் உட்பட உள்ளே இருப்பதையெல்லாம் அப்படியே புதிய தட்டுக்கு நகலெடுப்பதுதான் நல்லது. விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையை மட்டும் தனியாக ஒரு பென் டிரைவிலும் எடுத்து வையுங்கள்.

1 டிபி தட்டில் நிரம்பியிருப்பது 300 ஜிபிதான் என்றால் 500 ஜிபி எஸ்.எஸ்.டி. போதும். ஆனால் சில மென்பொருள்கள் பெரிய தட்டிலிருந்து சிறியதற்கு நேராக மாற்றாது. முதலில் பழைய தட்டில் உள்ள பார்ட்டிஷனின் (சி, டி என்று பிரித்திருக்கும் பகுதியின்) அளவைச் சுருக்கியாக வேண்டும். அதற்கு முன் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பழைய தட்டின் நிலையைப் பாருங்கள். நீலம் என்றால் தொடரலாம். மஞ்சள் என்றால் குளோனுக்கு முன்பே வேலைக் கோப்புகளை நகல் எடுத்துவிடுங்கள். சாகக் கிடக்கும் தட்டை முழுவதும் படிக்க வைத்தால் பாதியில் நின்றுவிடும்.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். 2011-ல் ஒரு புகைப்படக்காரரின் தட்டைக் குளோன் எடுத்தேன். பழையதும் புதியதும் ஒரே நிறுவனம், ஒரே அளவு. திரையில் இரண்டும் ஒரே பெயரில் தெரிந்தன. எதிலிருந்து, எதற்கு என்பதை மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டேன். வெறும் தட்டு, நிரம்பிய தட்டின் மேல் எழுதப்பட்டது. நாற்பது கல்யாண வீட்டுப் படங்கள் இருந்த தட்டு அது. நான் கவனித்து நிறுத்துவதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. கடை வாசல் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து பழைய தட்டின் மேல் சிவப்பு நாடா ஒட்டுகிறேன், இரண்டின் வரிசை எண்ணையும் தாளில் எழுதுகிறேன், வேலையைத் தொடங்கும் முன் எழுதியதையும் திரையில் உள்ளதையும் விரல் வைத்து ஒப்பிடுகிறேன். யாரிடம் இந்த வேலையைக் கொடுத்தாலும் அவர் வரிசை எண்ணைப் பார்க்கிறாரா என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். கூச்சப்படாதீர்கள்.

குளோன் முடிந்ததும் பழைய தட்டின் கம்பியைக் கழற்றிவிட்டு, எஸ்.எஸ்.டி.யை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்து ஓர் அச்சும் எடுத்துப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு மாதம் பழைய தட்டில் கை வைக்க வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்தால் மட்டும் எனக்குத் திரும்ப எழுதுங்கள், எஸ்.எஸ்.டி.யைப் பராமரிக்கும் டிரிம் என்ற ஏற்பாடு விண்டோஸ் 7-லிருந்துதான் உண்டு.

கேள்வி: லேப்டாப்பில் எம்.2 துளை இருக்கிறது என்று பார்த்து எஸ்.எஸ்.டி. வாங்கினேன். சரியாகப் பொருந்துகிறது, ஆனால் கணினி அதைக் காட்டவே இல்லை. பொருள் பழுதா?
— கல்லூரி மாணவர், திசையன்விளை

பதில்: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு, தம்பி. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும். அதே வடிவத்தில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு பாஷை பேசுகிறவை உண்டு. உன் லேப்டாப் சாட்டா மட்டும் அறிந்தது, நீ வாங்கியது என்விஎம்இ. அல்லது அதற்கு நேர்மாறாக இருக்கும். லேப்டாப்பின் மாதிரி எண்ணை வைத்து அதன் கையேட்டைப் பார்த்துவிட்டு, பில்லோடு போய் மாற்றிக்கொள். 2280 என்று எழுதியிருப்பது 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், அதையும் சரிபார். உங்கள் ஊர்த் தேரி மணல் காற்றில் மாவு போலப் பறந்து வரும். மூடியைத் திறந்த கையோடு மின்விசிறியில் படிந்த செம்மண்ணையும் மெல்லிய தூரிகையால் துடைத்துவிடு.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். கணினி முழுவதும் முங்கிவிட்டது. அதன் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, பாலித்தீன் பையில் போட்டு இன்றுவரை வைத்திருக்கிறேன். வெயிலில் காயவைத்து ஓட்டிப் பார்க்கலாமா? இப்போது எஸ்.எஸ்.டி. போட்ட கணினி வாங்கியிருக்கிறோம்; அது வெள்ளத்தைத் தாங்குமா?
— குடும்பத் தலைவி, சிந்துபூந்துறை

பதில்: அக்கா, அதற்கு மின்சாரம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்த டிசம்பர் 17, 18-க்குப் பிறகு வந்த வாரம் என் கடை மேசையில் ஈரத் துண்டில் சுற்றிய பெட்டிகள்தான். துடைத்தோம், ஓட்டிப் பார்த்தோம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களின் தட்டுகள்தான் அதிகம் கெட்டிருந்தன.

உங்கள் ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஊசிமுனை அளவில் ஒரு துளை தெரியலாம்; பக்கத்தில் 'இதை மூடாதே' என்றும் அச்சிட்டிருக்கும். உள்ளே காற்றழுத்தம் சமமாக இருப்பதற்கான மூச்சுத் துளை அது. வெள்ளம் அந்த வழியாகவும் உள்ளே போகும். படிக்கும் தலை, சுற்றும் தட்டிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர். தாமிரவருணி வண்டலில் ஒரு பொடி அந்த இடைவெளியில் நின்றால், சுற்றத் தொடங்கியதும் தட்டை உழுதுவிடும். வெயிலில் வைத்தால் வண்டல் காய்ந்து கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். தூசி புகாத அறை வைத்திருக்கும் தகவல் மீட்பு நிலையங்களால்தான் இதைத் திறந்து கழுவ முடியும்.

எஸ்.எஸ்.டி.யும் வெள்ளத்துக்குத் தப்பாது. கரண்ட் இருக்கும்போது நனைந்தால் சில்லு பொசுங்கும். ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டாவது சில நேரம் முன்னறிவிப்புத் தரும், எஸ்.எஸ்.டி. நேற்று நன்றாக இருந்து இன்று காலை பேசாமல் போய்விடும். அதைக் கழற்றி வருடக்கணக்கில் பெட்டியில் பூட்டி வைக்கவும் கூடாது. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் சில்லில் தேங்கிய மின்னூட்டம் மெல்லக் கசியும், நம் ஊர்ச் சித்திரை வெக்கையில் இன்னும் விரைவாக. ஓடுவதற்கு எஸ்.எஸ்.டி., எடுத்து வைப்பதற்கு ஹார்ட் டிஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகலில் ஒன்று ஆற்றுக்கு எட்டாத உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

பையில் இருக்கும் அந்தத் தட்டை அப்படியே, திறக்காமல் அனுப்புங்கள். பையின் மேல் தண்ணீர் புகுந்த தேதியையும், 'அதன்பின் மின்சாரம் கொடுக்கவில்லை' என்பதையும் எழுதி ஒட்டுங்கள். தட்டைத் திறக்கப் போகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.