ஆர்வி மின்பாதுகாப்பு: பெடஸ்டலில் ப்ளக்கைச் செருகும் முன் கேட்க வேண்டியவை

அமெரிக்காவில் ஆர்வி (உள்ளேயே தங்கும் வசதியுள்ள பயண வண்டி) வைத்திருக்கும் நம் ஆட்கள் சிலர், சர்ஜ் புரொடெக்டர் (வோல்டேஜ் எகிறலிலிருந்து வண்டியைக் காக்கும் கருவி) பொருத்துவது பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெடஸ்டல் என்பது கேம்ப்கிரவுண்டில், அதாவது ஆர்விகள் தங்கும் இடத்தில், வண்டிக்குக் கரண்ட் கொடுக்கும் சாக்கெட் கம்பம். உங்கள் வண்டி எத்தனை ஆம்ப் என்று தெரியாவிட்டால் முதலில் ப்ளக்கைப் பாருங்கள். மூன்று கால் என்றால் 30, நான்கு கால் என்றால் 50.

கேள்வி (ஒஹாயோ): அண்ணா, நூறு டாலருக்குள் ஒரு சர்ஜ் புரொடெக்டர் இருக்கிறது. அதே அளவில் இன்னொன்று மூன்று மடங்கு விலை. இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. விலை குறைந்ததில் இருப்பது பெரும்பாலும் எம்.ஓ.வி. எனப்படும் சிறு வில்லைகள் மட்டும்தான். வோல்டேஜ் திடீரென்று எகிறினால் அந்த எகிறலைத் தாங்களே வாங்கிக்கொண்டு சாகும். பெட்டியில் போட்டிருக்கும் ஜூல் எண் அந்தத் தாங்கும் அளவுதான். ஆனால் கேம்ப்கிரவுண்டில் வண்டியைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த எகிறல் இல்லை. நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருக்கும் குறைந்த வோல்டேஜ், தப்பாக ஒயர் செய்த பெடஸ்டல், கழன்ற நியூட்ரல், இவைதான். இவற்றை எம்.ஓ.வி. கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

விலை அதிகமானது ஈ.எம்.எஸ். (எலக்ட்ரிகல் மேனேஜ்மெண்ட் சிஸ்டம்). அது கரண்டை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் உள்ளே விடும். 104 வோல்ட்டுக்குக் கீழே போனாலோ 132-ஐத் தாண்டினாலோ வெட்டிவிடும் (நிறுவனத்தைப் பொறுத்து ஓரிரு வோல்ட் மாறும்). பெட்டியின் மேல் ஜூல் எண்ணும் மூன்று விளக்கும் மட்டும் இருந்தால் அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (டெக்சாஸ்): வீட்டில் வண்டி நிறுத்தும் இடத்தில் 30 ஆம்ப் சாக்கெட் போட எலக்ட்ரீஷியன் நாளை வருகிறார். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா?

அவசியம் சொல்ல வேண்டும். நல்ல வேளை, முன்னாலேயே கேட்டீர்கள். வீட்டு வேலையில் 30 ஆம்ப் என்றாலே பல எலக்ட்ரீஷியன்களுக்குத் துணி உலர்த்தும் டிரையர்தான் நினைவுக்கு வரும். டிரையருக்கு 240 வோல்ட். ஆர்வியின் 30 ஆம்ப்புக்கு 120 வோல்ட்தான். டிரையர் கணக்கில் இரண்டு லைன் ஒயரை இழுத்து விட்டுப் போனால், செருகிய சில நொடிகளில் கன்வெர்ட்டர், மைக்ரோவேவ், ஏசி போர்டு எல்லாம் போகும்.

"டி.டி. 30 (TT-30) சாக்கெட், 120 வோல்ட், சிங்கிள் போல் பிரேக்கர், 10 கேஜ் தாமிர ஒயர்" என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். வேலை முடிந்ததும் வண்டியைச் செருகாமல் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120, லைனுக்கும் கிரவுண்டுக்கும் (நம் ஊரில் எர்த்) இடையே 120, நியூட்ரலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட பூஜ்யம். எங்கேயாவது 240 வந்தால் பிரேக்கரை இறக்கிவிட்டு அவரையே திரும்பக் கூப்பிடுங்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): எங்களுடையது 50 ஆம்ப். பக்கத்து வண்டிக்காரர் "நியூட்ரல் போனால் எல்லாம் போச்சு" என்று பயமுறுத்தினார். உண்மையா?

உண்மைதான். 50 ஆம்ப்பில் இரண்டு லைன் வருகிறது. ஒவ்வொன்றும் நியூட்ரலுடன் சேர்ந்து 120, இரண்டுக்கும் இடையே 240. நியூட்ரல் இறுக்கமாக இருக்கும்வரை அந்த 240 சரிபாதியாகப் பிரிந்து நிற்கும். அது கழன்றால் இரண்டு பக்கத்துச் சாதனங்களும் ஒன்றன்பின் ஒன்றாக 240-க்கு நடுவே மாட்டிக்கொள்ளும். அப்போது யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது அந்தந்தப் பக்கத்து லோடு. ஒரு பக்கம் ஏசி ஓடுகிறது, மறுபக்கம் டிவி மட்டும் என்றால், லோடு குறைந்த டிவி பக்கம் 200-ஐயும் தாண்டலாம். மறுபக்கத்தில் ஏசி மிச்சம் மீதி வோல்டேஜில் திணறும்.

பெடஸ்டலில் ஆயிரம் பேர் செருகி உருவிய சாக்கெட்டில் நியூட்ரல் பிடி தளர்வது அதிசயம் இல்லை. இங்கேதான் ஈ.எம்.எஸ். தன் விலையைத் திருப்பிக் கொடுக்கிறது. வோல்டேஜ் வரம்பு மீறியதுமே இரண்டு லைனையும் வெட்டிவிடும்.

கேள்வி (கலிஃபோர்னியா): ஈ.எம்.எஸ்.-இல் வெளியே பெடஸ்டலில் தொங்கும் வகை நல்லதா, வண்டிக்கு உள்ளே ஒயர் செய்வது நல்லதா? நானே பொருத்தலாமா?

வெளியே தொங்குவது சுலபம், வண்டி மாற்றினால் கூடவே வரும். திருடு போகும், மழையில் கிடக்கும், சில சமயம் செருகவே மறந்துவிடுவோம். உள்ளே பொருத்தினால் இந்த மூன்று தொல்லையும் இல்லை. என் ஓட்டு உள்ளே பொருத்துவதற்குத்தான்.

ஜெனரேட்டர் இருந்தால் வண்டியில் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் (பெடஸ்டல் கரண்டா, ஜெனரேட்டர் கரண்டா என்று மாற்றிக் கொடுப்பது) இருக்கும். அதற்கும் மெயின் பேனலுக்கும் நடுவே ஈ.எம்.எஸ். வைத்தால் பெடஸ்டல் கரண்ட், ஜெனரேட்டர் கரண்ட் இரண்டையும் காவல் காக்கும். ஸ்விட்சுக்கு முன்னால் வைத்தால் ஸ்விட்சுக்கும் பாதுகாப்பு, ஆனால் ஜெனரேட்டர் பக்கம் திறந்தே கிடக்கும். நான் பின்னால் வைப்பேன். இன்வெர்ட்டர் இருந்தால் ஈ.எம்.எஸ். அதற்கு முன்னால் வர வேண்டும்.

வேலை இதுதான்: வருகிற கேபிளை வெட்டி, ஒரு முனையை இன்புட்டிலும் மறுமுனையை அவுட்புட்டிலும் கட்டுவது. 30 ஆம்ப்பில் கறுப்பு லைன், வெள்ளை நியூட்ரல், பச்சை அல்லது வெறும் தாமிரம் கிரவுண்ட். 50-இல் கூடவே சிவப்பு வரும், ஒயர் 6 கேஜ். அந்த 6 கேஜ் கேபிள் லேசில் வளையாது, இடத்தை அளந்துவிட்டு வெட்டுங்கள். தொடங்கும் முன் பெடஸ்டலிலிருந்து உருவி, ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். வண்டியின் பேனலில் நியூட்ரலையும் கிரவுண்டையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. திருகுகளை நன்றாக முறுக்குங்கள், ஓரிரு பயணத்துக்குப் பிறகு மறுபடி முறுக்கிப் பாருங்கள், ஓட்ட அதிர்வில் தளரும். மீட்டரைக் கையாளத் தயக்கம் இருந்தால் ஆர்வி டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்கள், பெரிய வேலை இல்லை.

கேள்வி (வாஷிங்டன்): பெடஸ்டலில் நன்றாக வேலை செய்கிறது. என் ஹோண்டா ஜெனரேட்டரில் செருகினால் "ஈ2" காட்டி கரண்ட் விடமாட்டேன் என்கிறது.

உங்களுடையது புரோக்ரெசிவ் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் ஈ.எம்.எஸ். என்றால், ஈ2 என்பது கிரவுண்ட் இல்லை என்ற எச்சரிக்கை. எதுவும் கெட்டுப்போகவில்லை. சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களில் நியூட்ரலும் கிரவுண்டும் உள்ளே இணைக்கப்படாமல் இருக்கும், ஈ.எம்.எஸ். அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்கிறது. நியூட்ரல்-கிரவுண்ட் பாண்டிங் ப்ளக் என்று தயாராகவே விற்கிறார்கள். ஜெனரேட்டரின் காலி சாக்கெட்டில் அதைச் செருகுங்கள். வீட்டு சாக்கெட்டிலோ பெடஸ்டலிலோ அதைச் செருகவே கூடாது.

கேள்வி (அரிசோனா): மதியம் ஆனால் ஈ.எம்.எஸ். வெட்டிவிடுகிறது, ஏசி நின்றுவிடுகிறது, திரும்ப வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. பைபாஸ் ஸ்விட்ச் இருக்கிறது, போட்டுவிடலாமா?

போடாதீர்கள், அது ஈ.எம்.எஸ். காவலை ஒதுக்கிவிட்டுக் கரண்டை நேராக உள்ளே விடும். எல்லோரும் ஏசி போடும் நேரத்தில் கேம்ப்கிரவுண்டின் வோல்டேஜ் இறங்கும். குறைந்த வோல்டேஜில் கம்ப்ரஸர் மோட்டார் அதிக ஆம்ப் இழுத்துச் சூடாகிக் கடைசியில் எரியும். அந்த இரண்டு நிமிடத் தாமதமும் கம்ப்ரஸருக்காகத்தான், உள்ளே இருக்கும் அழுத்தம் இறங்கிய பிறகு கிளம்பினால்தான் அது திணறாது.

முதலில் உங்கள் லோடைக் குறையுங்கள். வாட்டர் ஹீட்டரையும் ஃப்ரிட்ஜையும் கேஸுக்கு மாற்றுங்கள். அப்புறம் ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாகவோ கறுத்தோ இருந்தால் குற்றவாளி அங்கேயே இருக்கிறான், பிடி தளர்ந்த சாக்கெட்டில் வோல்டேஜ் விழுகிறது. வேறு பெடஸ்டல் கேளுங்கள். எங்கே போனாலும் இதே கதை என்றால் ஆட்டோஃபார்மர் வாங்கலாம். வோல்டேஜைச் சுமார் 10 சதவீதம் ஏற்றித் தரும்.

கேள்வி (ஃபுளோரிடா): மழை பெய்த பிறகு வெறுங்காலில் நின்று வண்டிக் கதவைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது. ஈ.எம்.எஸ். எதுவும் காட்டவில்லை. விட்டுவிடலாமா?

விடவே கூடாது. உடனே பெடஸ்டல் பிரேக்கரை இறக்கி, உருவிவிடுங்கள். குழந்தைகளை வண்டியைத் தொட விடாதீர்கள். வண்டியின் உடலில் கரண்ட் நிற்கிறது என்று அர்த்தம். பெடஸ்டலில் கிரவுண்ட் விட்டுப்போயிருந்தால் ஈ.எம்.எஸ். பிடித்துவிடும். ஆனால் பழைய இடங்களில் யாராவது லைனையும் நியூட்ரலையும் மாற்றிக் கட்டி, கிரவுண்டை நியூட்ரல் முனையோடு குறுக்கே இணைத்து வைத்திருந்தால், அளவெல்லாம் சரியாகவே காட்டும், கிரவுண்டில் மட்டும் 120 ஓடும். அதை ஈ.எம்.எஸ்.-ஸும் மூன்று விளக்கு டெஸ்டரும் கண்டுபிடிக்காது. தொடாமலே கரண்ட் காட்டும் பேனா டெஸ்டர் கண்டுபிடிக்கும். விலை குறைவு, எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். செருகியதும் வண்டியைத் தொடும் முன் தரையில் நின்று உடல் பக்கம் நீட்டிப் பாருங்கள்.

கேள்வி (இலினாய்): சென்னையில் ஏசிக்கு ஸ்டெபிலைசர் வைத்திருந்தோம். அதையே கொண்டுவந்து போடலாமா?

வேண்டாம். அது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தது, இங்கே 120, 60.

கேள்வி (கொலராடோ): இவ்வளவும் போட்டால் இடி மின்னலுக்கும் தாங்குமா?

தூரத்தில் விழுந்து ஒயர் வழியே வரும் எகிறலைத் தாங்கலாம். நேராகவோ பக்கத்திலோ விழுந்தால் எதுவும் தாங்காது. மேகம் கறுக்கும்போதே பிரேக்கரை இறக்கிவிட்டு உருவிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு பெடஸ்டல் பக்கம் போகவேண்டாம். விளக்கும் ஃபேனும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும்.