அம்மா தனியாக இருக்கும் வீட்டில் லேண்ட்லைனை விட்டுவிட்டு நெட் போனுக்கு மாறலாமா?

கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். நீங்கள் அபுதாபியில், தங்கை கனடாவில், அம்மா மட்டும் கருங்கல் பக்கத்து வீட்டில். பழைய லேண்ட்லைனைச் சரண்டர் செய்துவிட்டு முழுக்க நெட் போனுக்கு, அதாவது இணையம் வழியாகப் பேசுகிற போனுக்கு, மாறலாமா, மாறினால் எந்தச் சேவைக்குக் காசு கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாறலாம். ஆனால் நிமிடத்துக்கு எத்தனை பைசா என்று பார்த்து மாறாதீர்கள். கரண்ட் இல்லாத ராத்திரியில் அம்மாவின் போன் அடிக்குமா, அடித்தால் அவருக்கு எடுக்க வருமா, இந்த இரண்டையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நான் தக்கலையில் எஸ்டிடி பூத் நடத்தினேன். பிறகு அதே கடையில் நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் ஆக்கினேன். இப்போது வீடுகளுக்கு ஃபைபர் இழுத்துக் கொடுக்கிற வேலை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏதோ ஒரு வளைகுடா நாட்டு எண் எழுதி வைக்காத வீடு குறைவு. அந்த எண்களை டயல் செய்துகொடுத்தே பல வருடம் சாப்பிட்டிருக்கிறேன்.

பூத்தில் கண்ணாடிக் கதவுக்குள் நின்று பேசுவார்கள். தலைக்கு மேலே மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடும். மகனிடம் பேச வந்த அம்மாக்கள் பலர் மகனின் குரலைவிட அந்த எண்களைத்தான் கவனிப்பார்கள். "நல்லாருக்கியா மக்கா, சாப்பிட்டியா, இங்க எல்லாருக்கும் சுகம்" என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். வெளியே வந்து பில்லைக் கொடுத்த பிறகுதான், சொல்ல வந்த விஷயம் ஞாபகம் வரும். வெளியூர் மகன் பூத்துக்கே கூப்பிடுவதும் உண்டு. "பத்து நிமிஷத்தில் மறுபடி கூப்பிடுறேன், அம்மையைக் கூட்டிட்டு வந்து நிறுத்துங்கண்ணே" என்பான். கடைப் பையனைச் சைக்கிளில் அனுப்புவேன்.

2002 ஏப்ரல் 1-ல் இந்தியாவில் இணையத் தொலைபேசியை அனுமதித்தார்கள். கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டு போன்களுக்குப் பேசலாம், உள்நாட்டு போன்களுக்குக் கூடாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு துபாய்க்குப் பேசுவதற்கு என் கடையில் வரிசை நின்றது அதற்குப் பிறகுதான். கட்டணம் ஐஎஸ்டியில் ஒரு சிறு பங்குதான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும், நாம் சொன்னது திரும்ப நம் காதிலேயே விழும். யாரும் குறை சொல்லவில்லை.

ஒரு விஷயம் இன்றும் மனதை உறுத்துகிறது. அப்போது ஒரு கம்பெனியின் நெட் போன் கார்டை நான் விற்றேன். விலை குறைவு என்று நான்தான் பலரிடம் சிபாரிசு செய்தேன். ஒரு நாள் அந்தக் கார்டு எண்கள் எதுவும் வேலை செய்யவில்லை. கூப்பிட்டுக் கேட்க அந்தக் கம்பெனிக்கு ஒரு முகவரிகூட இல்லை. வாங்கினவர்கள் என்னிடம் வந்து நின்றார்கள். அவர்களில் ஒரு அம்மா, மகளின் பிரசவத்துக்காக இரண்டு கார்டு சேர்த்து வாங்கி வைத்திருந்தவர். என்னால் முடிந்த வரை கைக்காசைத் திருப்பிக் கொடுத்தேன், எல்லோருக்கும் கொடுக்க முடியவில்லை. அதிலிருந்து, இந்தச் சந்தையில் முன்பணம் கட்டச் சொன்னால் சிறு தொகைக்கு மேல் போகாதீர்கள் என்றுதான் சொல்லி வருகிறேன். பெரிய பெயர் என்றாலும் அப்படித்தான். ஸ்கைப் 2003-ல் வந்தது, உலகமே அதில் பேசியது, மைக்ரோசாஃப்ட் அதை 2011-ல் 850 கோடி டாலருக்கு வாங்கியது. 2025 மே 5-ல் அது மூடப்பட்டுவிட்டது. வருட பேக், இரண்டு வருட பேக் என்று யாராவது சலுகை காட்டினால் மாத பேக்கையே எடுங்கள்.

நிமிடக் கணக்கு செத்தது 2016-ல். அந்த செப்டம்பரில் ஜியோ வந்தது, நவம்பரில் வாட்ஸ்அப்பில் வீடியோ கால் வந்தது. மீட்டரைப் பார்த்தபடி பேசிய அதே அம்மாக்கள், இன்று போனைச் சருவத்தின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, மகன் பார்த்துக்கொண்டிருக்க மீன் வெட்டுகிறார்கள். பேச்சே இல்லாமல் அரை மணி நேரம் போகும். நான் இந்தத் தொழிலில் பார்த்த பெரிய மாற்றம் அதுதான்.

இனி உங்கள் வீட்டு விஷயம். முதலில் பார்க்க வேண்டியது நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டம். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், வாய்ஸ் நோட் போகும், கால் மட்டும் போகாது. அங்கே அனுமதி பெற்ற செயலிகளில்தான் பேச முடியும். நம் ஆட்கள் அதிகம் வைத்திருப்பது போட்டிம். சவூதியில் 2017 செப்டம்பரில் இந்தத் தடையைத் தளர்த்தினார்கள், அமீரகத்தில் அது தொடர்கிறது. அறையில் கூட இருப்பவர்கள், எங்கிருந்து பேசுகிறோம் என்பதை மறைக்கிற விபிஎன் போட்டுப் பேசு என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். சட்டம் தடுத்ததைச் செய்ய விபிஎன் வைத்து மறைத்தால், அங்குள்ள சைபர் சட்டப்படி அபராதம் 5 லட்சம் திர்ஹாமிலிருந்து 20 லட்சம் வரை. அம்மாவிடம் பேசுவதற்காக எடுக்கிற ஆபத்தா அது?

கனடாவில் இந்தச் சிக்கல் இல்லை. தங்கை வாட்ஸ்அப்பில் தாராளமாகப் பேசலாம். அவர் வீட்டில் ரவுட்டரில் செருகும் நெட் போன் பெட்டி வைத்திருந்தால் அதிலிருந்தும் கூப்பிடலாம். வோனேஜ் என்ற நெட் போன் கம்பெனி 2009-லேயே இந்தியா உட்பட 60-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மாதக் கட்டணத்தில் அளவில்லாத பேச்சு கொடுத்தது, அந்த வகைச் சேவைகள் இன்னும் இருக்கின்றன. தங்கையிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: வீடு மாறினால் அந்தக் கணக்கில் முகவரியை உடனே மாற்ற வேண்டும். அவசரத்துக்கு 911 அழைத்தால், பதிவில் இருக்கும் பழைய முகவரிக்கு ஆள் போய்விடக் கூடும்.

ஆக அம்மாவின் போனில் மகனுக்கு ஒரு செயலி, மகளுக்கு ஒரு செயலி. நீங்கள் இரண்டு பேரும் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பாரம் அம்மாவின் கையில்தான் விழுகிறது. போன வருடம் குமாரகோவில் பக்கம் ஒரு வீட்டில் ஃபைபர் போட்டேன். எழுபது தாண்டிய அம்மா. "மக்களே, மோன் கூப்பிட்டா இது கட்டாவுது, போன் கேடு போல" என்றார். என் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். திரையில் பச்சை வட்டம் வந்தது. அவர் அதை விரலால் அமுக்கினார், எடுக்கவில்லை. இன்னும் அழுத்தி அமுக்கினார். பூட்டிய திரையில் அந்த வட்டத்தை மேலே இழுக்க வேண்டும், அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் பழகியது பொத்தானை அமுக்குகிற போன். நாலு மாதமாக மகன் கூப்பிடும்போதெல்லாம் அவர் அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். அம்மா எடுக்கவில்லை என்று மகனுக்கு வருத்தம். பத்து தடவை இழுக்கப் பழக்கிவிட்டுத்தான் கிளம்பினேன்.

அதோடு போனின் செட்டிங்கில் பேட்டரி என்ற இடத்துக்குப் போய், அந்த இரண்டு செயலிகளுக்கும் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் அவற்றைத் தூங்க வைத்துவிட்டால் கால் வந்தாலும் மணி அடிக்காது.

அடுத்தது, எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயம், கரண்ட். பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு வீட்டுக் கரண்ட் தேவையே இல்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து அதே கம்பி வழியாக 48 வோல்ட் வந்துகொண்டிருக்கும், அங்கே பேட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கும். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் போகும், கரண்ட் போகாது. ஃபைபரோடு தருகிற லேண்ட்லைனும் உண்மையில் நெட் போன்தான்: ஃபைபர் வந்து முடிகிற சின்னப் பெட்டிதான் உங்கள் குரலைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது. வீட்டில் கரண்ட் போனால் பெட்டி அணையும், வைஃபை போகும், அதில் ஓடுகிற போட்டிம், வாட்ஸ்அப், புது லேண்ட்லைன் மூன்றும் சேர்ந்து போகும்.

ஒக்கி புயல் வந்த 2017 நவம்பர் 30 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கரண்ட் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன, ரப்பரும் தென்னையும் ரோட்டில் கிடந்தன. டவர்கள் டீசலும் பேட்டரியும் இருக்கும் வரை நின்றுவிட்டு ஒவ்வொன்றாக அடங்கின. எங்கள் தெருவில் மூன்று வீட்டில் நெட் இருந்தது, ஒன்றும் உயிரோடு இல்லை. ஒரே ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டில் பழைய லேண்ட்லைன். அந்த போன் அடித்தது. எண் எப்படியோ கைமாறி, குவைத்திலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் அந்த ஒரு போனுக்குக் கூப்பிட்டார்கள். சார் ஒரு நோட்டில் பெயர் எழுதி வைத்து, வீடு வீடாகப் போய்ச் சொன்னார். திரும்ப பூத் காலம் வந்த மாதிரி இருந்தது.

அதனால் உங்கள் லேண்ட்லைன் இன்னும் செம்புக் கம்பியாக இருந்து, மழையிலும் ஒழுங்காக அடிக்கிறது என்றால் அதை எடுக்காதீர்கள், மாத வாடகை போனால் போகட்டும். லைன் அடிக்கடி செத்துக் கிடந்தால் ஃபைபருக்கு மாறுங்கள். 04651-ல் தொடங்கும் பழைய எண்ணையே தருவார்களா என்று விண்ணப்பம் கொடுக்கும் முன் கேளுங்கள். கோயில், சர்ச், சொந்தக்காரர், பால்காரர் எல்லோரிடமும் இருப்பது அந்த எண்தான். பெட்டிக்கு ஒரு ரவுட்டர் யூபிஎஸ் வாங்கிப் போடுங்கள். பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் யூபிஎஸ்ஸில் எழுதியிருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும், பெரும்பாலும் 12 வோல்ட். சில மணி நேரம் தாங்கும். பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியே எங்கோ இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம், அப்போது யூபிஎஸ் உதவாது. நம் ஊரில் தென்னை மட்டை விழுந்தே பாதி அறுகிறது.

வேகத்தைக் காட்டிப் பெரிய பிளானைத் தலையில் கட்டுவார்கள், மயங்க வேண்டாம். ஒரு குரல் காலுக்கு நொடிக்கு 100 கிலோபிட்கூட ஆகாது. வீடியோவுக்கும் சாதாரண பிளான் போதும். குரல் உடைவதற்குக் காரணம் வேறு. ஒரு கல்யாணக் கூட்டம் வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்துப் பத்துப் பேராக வேறு வேறு பஸ்ஸில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா பஸ்ஸும் ஒரே சீராகப் போய்ச் சேர்ந்தால் பந்தி ஒழுங்காக நடக்கும். ஒன்று முந்தி, ஒன்று பிந்தி, ஒன்று வராமலே போனால் பந்தியில் ஓட்டை விழும். குரல் பொட்டலங்களும் அப்படித்தான். பிந்தி வருகிறதைப் போன் தூக்கிப் போட்டுவிடும். ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லி செகண்டுக்குள் என்றால் பேச்சு இயல்பாக இருக்கும், கூடினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வீர்கள். பெரும்பாலும் குற்றம் வீட்டுக்குள்ளேதான்: பெட்டி முன் ரூமில், அம்மா அடுக்களையில், நடுவே இரண்டு கல் சுவர். பெட்டியை வீட்டின் நடுவுக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். எங்களுக்கு ஐந்து மீட்டர் வயர்தான் கூடும்.

அம்மாவிடம் ஒரு சாதாரண சிம் கட்டாயம் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் 108-ஐக் கூப்பிட முடியாது. அந்த சிம்மில் வைஃபை காலிங் என்பதைப் போட்டுவிடுங்கள். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் கொண்டு வந்தன. வீட்டுக்குள் டவர் கிடைக்காவிட்டாலும் சாதாரண கால் வைஃபை வழியாக வரும். அம்மா புதிதாக ஒன்றும் படிக்க வேண்டியதில்லை, எப்போதும் போல் எடுத்துப் பேசலாம். செயலிகள் ஓடாத நாளில் நீங்களும் தயங்காமல் அந்த எண்ணுக்கு நேரடி ஐஎஸ்டி போடுங்கள்.

இந்தியாவுக்கு மலிவாகப் பேச ஒரு டயலர் செயலி இருக்கிறது என்று உங்கள் பக்கத்தில் யாராவது விற்றால் வாங்காதீர்கள். வெளிநாட்டுக் கால் ஒன்று இந்தியாவில் இறங்கும்போது, இங்குள்ள கம்பெனிக்கு ஒரு கட்டணம் போக வேண்டும். 2018 பிப்ரவரியில் அதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நிமிடத்துக்கு 53 பைசாவிலிருந்து 30 பைசாவாகக் குறைத்தது, 2020-ல் 35 முதல் 65 பைசா வரை என்று ஆக்கியது. இதைக் கட்டாமல் தப்பிக்க, சிலர் சிம் பாக்ஸ் என்ற, பல உள்ளூர் சிம்களைச் செருகிய பெட்டியை வைத்துக் கள்ள வழியில் கால்களை இறக்குகிறார்கள். அப்போது அம்மாவின் திரையில் உங்கள் எண்ணுக்குப் பதிலாக யாரோ ஒரு உள்ளூர் எண் வரும். அந்த எண்ணை எடுத்துப் பழகிய அம்மா, நாளைக்கு மோசடிக்காரன் கூப்பிட்டாலும் மகன்தான் என்று எடுப்பார். "உங்க பையனுக்கு ஆக்சிடெண்ட்" என்ற கால் நம் ஊரில் பல வீட்டுக்கு வந்திருக்கிறது. வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு வார்த்தையை மூன்று பேரும் பேசி வையுங்கள், பணம் கேட்டு யார் கூப்பிட்டாலும் அம்மா அதைக் கேட்கட்டும். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த லீவுக்கு வரும்போது ஒரு நாள் சாயங்காலம் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தங்கையைக் கூப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் கையை வைக்காமல் பக்கத்தில் நின்று, எது அடிக்கிறது, எதை அம்மா எடுக்கிறார் என்று பாருங்கள். அதைப் பார்த்த பிறகு லேண்ட்லைன் சரண்டர் பாரத்தை எழுதினால் போதும்.