நெஞ்சு அழுத்தத்தை வாயு என்று ஒதுக்காதீர்கள்: இதயநோய் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. மாரடைப்பு காலையில்தான் அதிகம் வரும் என்கிறார்கள். அவரது காலை நடையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். கண்விழிக்கும் வேளையில் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய ஹார்மோன்கள் கூடுவதால் ரத்த அழுத்தம் உயர்கிறது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் எளிதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அந்த நேரத்தில் ரத்தக்குழாயில் ஏற்கெனவே இருக்கும் கொழுப்புப் படிவில் விரிசல் விழுந்தால், அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடும். காலை 6 மணியிலிருந்து நண்பகல் வரை மாரடைப்பு சற்று அதிகமாகக் காணப்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆனால் ஆபத்து நடையில் இல்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தவர் ஒருநாள் திடீரென்று ஓடுவதிலும், கனமான மூட்டையைத் தூக்குவதிலும் இருக்கிறது. நாள்தோறும் நடப்பவருக்கு அந்த அபாயம் மிகவும் குறைவு. முதல் பத்து நிமிடம் மெதுவாக நடக்கட்டும். ரத்த அழுத்த மாத்திரையை ஒருநாளும் விட வேண்டாம்.

கேள்வி: கோபப்பட்டால் மாரடைப்பு வரும் என்பது உண்மையா?

பதில்: உண்மைதான். கடுங்கோபத்துக்குப் பிந்தைய 2 மணி நேரத்தில் அபாயம் உயர்கிறது. இதயநோய் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

கேள்வி: சளிக்காய்ச்சலுக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு?

பதில்: பலரும் அறியாத தொடர்பு இது. கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், இன்ஃப்ளூயன்சா எனும் ஃப்ளூ காய்ச்சல் உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ 6 மடங்காக இருந்தது. தொற்றினால் எழும் அழற்சி கொழுப்புப் படிவை நிலைகுலையச் செய்கிறது. சர்க்கரை நோயாளிகளும் இதயநோயாளிகளும் ஃப்ளூ தடுப்பூசி பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். உடல்வலிக்கென்று டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைக் கடையில் நீங்களாகவே வாங்கி விழுங்காதீர்கள். அவையும் அபாயத்தைக் கூட்டக்கூடியவை.

கேள்வி: விருந்துக்குப் பிறகு நெஞ்சு அடைக்கிறது. வாயுத் தொல்லையா, இதயமா என்று எப்படிப் பிரித்தறிவது?

பதில்: வீட்டிலிருந்தபடி நீங்கள் பிரித்தறிய முடியாது, இதை அழுத்திச் சொல்கிறேன். வயிறு நிறைய உண்டபின் இதயத்தின் வேலை கூடுகிறது. அதன்மேல் ஒரு சிகரெட்டும் சேர்ந்தால் குழாய் சுருங்குகிறது. கல்யாண விருந்து முடிந்த இரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துவிட்டு, விடியற்காலையில் பனியன் முழுக்க வியர்வையில் நனைந்து வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். இழந்த அந்த மணிநேரங்களில் அவருடைய இதயத் தசையின் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. மருந்தால் அதை மீட்க முடியவில்லை. நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் ஈசிஜி எடுத்தே தீர வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவோ குமட்டலாகவோ வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் தொடர்ந்து இருமினால் பிழைக்கலாமாமே?

பதில்: அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி நிமிடங்களை வீணாக்காதீர்கள். முதலில் 108ஐ அழையுங்கள். கதவின் தாழ்ப்பாளைத் திறந்து வைத்துவிட்டு உட்காருங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவு நோயோ இல்லாதவர்கள், மருத்துவப் பணியாளர் சொன்னால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். நீங்களே வண்டியோட்டிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பக் கூடாது.